க்ளாஷ் பாடிய அடுத்தவர் பாட்டுகள்: முதலில் பாடியவர்களைக் கேட்டிருக்கிறீர்களா?

தகரக்கூரை:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடந்த விஷயம், இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் லண்டன் பங்க் (வேகமும் ஆவேசமுமான ராக்) குழுவான தி க்ளாஷுக்கு நான் வந்த வழியே தலைகீழ். கல்லூரியில் முதலில் கேட்டது மாயா அருள்பிரகாசத்தின் ‘பேப்பர் பிளேன்ஸ்’. அதில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு க்ளாஷின் ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ பாட்டிலிருந்து எடுத்தது என்று அறைத்தோழன் சொல்லித்தான் தெரிந்தது. அங்கிருந்து ‘லண்டன் காலிங்’, அப்புறம் 1977இல் வந்த முதல் ஆல்பம் என்று பின்னாலேயே போனேன். அந்த முதல் ஆல்பத்தில் எல்லாப் பாட்டும் இரண்டு, மூன்று நிமிடத்தில் முடிந்துபோகும், ‘போலீஸ் அண்ட் தீவ்ஸ்’ மட்டும் ஆறு நிமிடம். பத்து வருடமாக எனக்கு மிகப் பிடித்த க்ளாஷ் பாட்டு எது என்று கேட்டால் அதைத்தான் சொல்லுவேன். அது அவர்கள் பாட்டே இல்லை என்பது போன மாதம்தான் உறைத்தது. இசைத்தட்டின் மேல் பெயர் தெளிவாகப் போட்டிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

ஜூனியர் மர்வின் என்ற ஜமைக்காக்காரர் 1976இல் பாடியது. தயாரிப்பாளர் லீ ‘ஸ்கிராட்ச்’ பெர்ரியின் பிளாக் ஆர்க் ஸ்டூடியோவில், கிங்ஸ்டனில் பதிவானது. இரவு பதினொன்றுக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேட்டேன். முதலில் டிரம்ஸின் ஹை-ஹாட் (ஜோடி உலோகத் தட்டு), அதை பெர்ரி ஏதோ செய்து வைத்திருக்கிறார், தட்டுகிற சத்தமாக இல்லாமல் ஈர மணலை முறத்தில் போட்டுப் புடைப்பதுபோல ‘ஸ்வ்… ஸ்வ்…’ என்று போய்ப்போய் வருகிறது. அதற்கு மேல் மர்வினின் குரல், முழுக்கக் கள்ளக்குரல், அவ்வளவு உயரத்தில், அவ்வளவு மெல்ல. தெருவில் போலீஸும் திருடனும் துப்பாக்கியோடு ஜனங்களை மிரட்டுகிறார்கள் என்று சொல்லுகிற பாட்டை அந்த மனிதர் தாலாட்டு மாதிரி பாடுகிறார். க்ளாஷின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் அதே வரிகளைக் கரகரவென்று, தொண்டை கிழியப் பாடிக் கேட்டுப் பழகிய எனக்கு உடம்பு ஒருமாதிரி ஆகிவிட்டது. இந்தப் பாட்டு இவ்வளவு சோகமானது என்று எனக்கு அதுவரை தெரியாது.

அதனால் கேட்கிறேன். க்ளாஷ் பாடிய மற்றவர் பாட்டுகள் இன்னும் பத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றின் முதல் பதிவுகளைக் கேட்டவர்கள் என்ன நினைக்கிறீர்கள்? எங்கே தொடங்கலாம்?

பேஸ்காரன்:
நல்ல இழை. நான் நேராகவே சொல்லிவிடுகிறேன், எல்லாவற்றிலும் ஒரிஜினல்தான் உசத்தி என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை.

‘பிராண்ட் நியூ காடிலாக்’ எடுத்துக்கொள்ளுங்கள். வின்ஸ் டெய்லர் 1959இல் பார்லஃபோன் நிறுவனத்தில் விட்டது, அதுவும் ‘பிளெட்ஜிங் மை லவ்’ தட்டின் பின்பக்கப் பாட்டு. நல்ல பாட்டுதான், ஆனால் அதை நல்ல பாட்டாக்கியது ஜோ மொரெட்டி என்ற கிளாஸ்கோ கிட்டார்காரரின் கை. அடுத்த வருடம் ஜானி கிட்டின் ‘ஷேக்கின் ஆல் ஓவர்’ பாட்டிலும் அவர்தான் வாசித்தார், பிரிட்டனில் அந்தக் காலத்தில் அப்படி வாசிக்க ஆள் இல்லை. இருபது வருடம் கழித்து வெசக்ஸ் ஸ்டூடியோவில் க்ளாஷ் ‘லண்டன் காலிங்’ ஆல்பத்துக்காக முதன்முதலில் பதிவு செய்த பாட்டு இது. கை சூடாகட்டும் என்று வாசித்ததை, தயாரிப்பாளர் கை ஸ்டீவன்ஸ் இதுவே போதும் என்று எடுத்துக்கொண்டார். போகப்போக வேகம் கூடிவிட்டதே என்று டிரம்ஸ்காரர் சொன்னதற்கு, ராக் அண்ட் ரோல் எல்லாமே வேகம் கூடத்தான் செய்யும் என்றாராம். கேட்டுப் பாருங்கள், உண்மையிலேயே கூடுகிறது. நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன், அந்தப் பாட்டோடு சேர்ந்து வாசித்தால் கடைசிச் சுற்றில் மணிக்கட்டு வலிக்கும். டெய்லரின் பதிவில் காதலி காடிலாக்கில் போவதை ஒருவன் நின்று பார்க்கிறான். க்ளாஷ் பதிவில் அவன் பின்னாலேயே ஓடுகிறான். எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

தேம்ஸ்கரை:
தம்பி தகரக்கூரை, நான் 1984இல் லண்டன் வந்தவன், க்ளாஷின் நல்ல காலத்தை நேரில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஆனால் அவர்கள் நடந்த தெருக்கள் தெரியும் என்பதால் ‘போலீஸ் அண்ட் தீவ்ஸ்’ பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

1976 கோடையில் அந்தப் பாட்டு லண்டனின் கரீபிய மக்கள் இருந்த பகுதியெல்லாம் ஒலித்தது. அந்த ஆகஸ்ட் கடைசியில் நாட்டிங் ஹில் கார்னிவல் என்ற கரீபியத் தெருவிழாவில் போலீசுக்கும் கறுப்பின இளைஞர்களுக்கும் பெரிய மோதல். ஸ்ட்ரம்மரும் பேஸ் வாசித்த பால் சிமனனும் அந்தக் கூட்டத்துக்குள் இருந்தார்கள். ‘வைட் ரயட்’ பாட்டு அங்கிருந்துதான் வந்தது. முதல் ஆல்பத்தின் பின்னட்டையில் போலீஸ்காரர்கள் பாய்ந்து வருகிற படமும் அந்த நாளில் எடுத்ததுதான். ஆக, மர்வின் பாடியது ஜமைக்காவின் தெருவைப் பற்றி, அதைக் கேட்ட லண்டன்காரனுக்கு அது தன் தெருவைப் பற்றியதாகவே பட்டது. இவர்கள் அந்தப் பாட்டை எடுத்ததற்கு அதைவிட வேறு காரணம் தேட வேண்டாம்.

இன்னொன்று. 1977 தொடக்கத்தில் கோவென்ட் கார்டனில் ராக்ஸி என்ற கிளப்தான் பங்க் கூட்டத்தின் மடம். அங்கே தட்டு போட்டவர் டான் லெட்ஸ், ஜமைக்கா பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். பங்க் அப்போதுதான் பிறந்தது, போடுவதற்குப் பங்க் தட்டுகளே போதுமான அளவு இல்லை. அதனால் அவர் வீட்டிலிருந்த ரெகே என்கிற ஜமைக்கா இசைத் தட்டுகளையும், அதையே எதிரொலி சேர்த்து மாற்றிய டப் தட்டுகளையும் போட்டார். ஒரு தலைமுறை பங்க் பிள்ளைகள் இடைவேளையில் ரெகே கேட்டு வளர்ந்தது அப்படித்தான். ‘பிளாக் மார்க்கெட் க்ளாஷ்’ தட்டின் முகப்பில் போலீஸ் வரிசையை நோக்கித் தனியாக நடந்துபோகிறாரே ஒருவர், அவர்தான்.

செங்காந்தள்:
எனக்கு ‘ஐ ஃபாட் த லா’ பற்றிப் பேச வேண்டும். இதில் எது ஒரிஜினல் என்ற கேள்வியே சிக்கலானது.

சோனி கர்ட்டிஸ் எழுதியது, டெக்சாஸ்காரர். ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலி 1959 பிப்ரவரியில் விமான விபத்தில் இறந்த பிறகு அவருடைய கிரிக்கெட்ஸ் குழுவில் இவர் சேர்ந்தார், அந்தக் குழுதான் இதை முதலில் பதிவு செய்தது. 1960இல் ஆல்பத்தில் வந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. அதே டெக்சாஸின் எல் பாசோ ஊர்க்காரர் பாபி ஃபுல்லர், ஹாலி மேல் பைத்தியமாக இருந்தவர், 1964இல் இதை எடுத்து ஊரிலேயே சிறிய அளவில் ஒருமுறை பதிவு செய்தார், அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ் போய் 1965இல் மறுபடி. இந்த இரண்டாவதுதான் 1966இல் அமெரிக்கப் பட்டியலில் ஒன்பதாம் இடம் வரை போனது. அதே வருடம் ஜூலையில் அவருடைய அம்மாவின் காரில், ஹாலிவுட்டில், பிணமாகக் கிடந்தார். 23 வயது. எப்படி இறந்தார் என்பது இன்றுவரை தீரவில்லை.

1978இல் ஸ்ட்ரம்மரும் க்ளாஷின் கிட்டார்காரர் மிக் ஜோன்ஸும் இரண்டாவது ஆல்பத்தின் வேலைக்காக சான் பிரான்சிஸ்கோவில் ஆட்டோமாட் ஸ்டூடியோவில் இருந்தார்கள். அங்கே ஒரு ஜூக்பாக்ஸ், காசு போட்டால் தட்டு ஓட்டும் பெட்டி. அதில் பாபி ஃபுல்லரின் தட்டு. திரும்பத் திரும்பக் கேட்டு, லண்டன் வந்ததும் வாசித்தார்கள். க்ளாஷ் பாடியது ஃபுல்லரின் பாட்டை, கிரிக்கெட்ஸின் பாட்டை அல்ல.

இதை எப்படிச் சொல்கிறேன் என்றால், கிரிக்கெட்ஸ் பதிவில் அவன் ஜனங்களிடம் வழிப்பறி செய்வது ‘ஜிப் கன்’ வைத்து, அதாவது வீட்டில் குழாயை வைத்துத் தட்டிச் செய்த நாட்டுத் துப்பாக்கி. ஃபுல்லர் அதை ‘சிக்ஸ் கன்’ ஆக்கினார், கவ்பாய் இடுப்பில் தொங்கும் ரிவால்வர். க்ளாஷிடம் இருப்பதும் சிக்ஸ் கன்தான். ஒரே ஒரு சொல். ஆனால் முதல் பதிவில் இருப்பவன் ஏழைப் பையன், கையில் காசில்லாமல் தானே ஒட்டுப்போட்டுச் செய்த ஆயுதத்தோடு நிற்கிறான். அடுத்த பதிவில் அவன் சினிமாவிலிருந்து இறங்கி வருகிறான். அப்புறம் ஸ்ட்ரம்மர், காதலியை விட்டுவிட்டு வந்தேன் என்ற வரியை ஒரு இடத்தில் கொன்றுவிட்டேன் என்று மாற்றுகிறார். மூன்று பதிவுகளையும் வரிசையாகக் கேட்டால் ஒரே ஆள் இருபது வருடத்தில் எப்படிக் கெட்டுப்போகிறான் என்று பார்ப்பதுபோல இருக்கும். எனக்கு அந்த முதல் பையன் மேல்தான் மனசு போகிறது.

(வாங்குபவர்கள் கவனிக்க: நான் இணையத்தில் ஒரு கடையில் ஃபுல்லரின் வெற்றிப் பதிவு என்று நினைத்து வாங்கிய தொகுப்பில் இருந்தது 1964இன் எல் பாசோ பதிவு. அட்டையில் வருடமே போடவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நீங்கள் தேடுவது அதுவாக இருக்காது.)

பழைய_ஊசி:
எல்லாரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. ஜமைக்காவில் நாலு டிராக் கருவியில், வியர்வை வழியப் பதிவு செய்த பாட்டை லண்டன் பையன்கள் எடுத்துப் பாடுகிறார்கள். உலகம் அவர்களை நினைவு வைத்துக்கொள்கிறது. ஜூனியர் மர்வின் யார் என்று இந்த இழையின் முதல் பதிவு எழுதியவருக்கே பத்து வருடம் கழித்துத்தான் தெரிகிறது. இதில் நியாயம் எங்கே இருக்கிறது? மர்வினுக்கே அந்தப் பதிவு பிடிக்கவில்லை என்று சொல்வார்கள். சும்மா பிடிக்காமல் போகுமா?

தேம்ஸ்கரை:
ஐயா பழைய_ஊசி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, பாதிக்கு மேல் ஒத்தும்போகிறேன். ஆனாலும் நடந்ததை முழுக்கச் சொல்ல வேண்டும்.

க்ளாஷ் தட்டில் பாட்டுக்குக் கீழே மர்வின், பெர்ரி இருவர் பெயரும் இருக்கிறது. அது மரியாதைக்கு மட்டும் போடுவது இல்லை, பாட்டு எழுதியவருக்குப் போகும் உரிமைத்தொகை அந்தப் பெயரை வைத்துத்தான் போகும். அதே 1977இல் லீ பெர்ரி லண்டனில் இருந்தபோது க்ளாஷின் ‘கம்ப்ளீட் கன்ட்ரோல்’ தட்டை அவரே தயாரித்துக் கொடுத்தார். பாப் மார்லி பெர்ரியோடு சேர்ந்து ‘பங்கி ரெகே பார்ட்டி’ போட்டு அதில் க்ளாஷின் பெயரையும் சொன்னார். மர்வினின் பழைய பதிவு 1980இல்தான் பிரிட்டன் பட்டியலுக்குள் வந்தது, 23ஆம் இடம்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மர்வின் 2013 டிசம்பரில் ஜமைக்காவில் இறந்தபோது இங்கே வந்த செய்திகளில் பாதிக்குத் தலைப்பே ‘க்ளாஷ் பாடிய பாட்டின் பாடகர்’. அதைப் படித்தபோது எனக்கும் வலித்தது.

பேஸ்காரன்:
ஊசி அண்ணா சொல்வதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். க்ளாஷ் ரெகே பாட்டை ரெகே மாதிரியே வாசித்துக் காட்ட முயலவில்லை. தங்களால் அது முடியாது என்று தெரிந்தே வேறு மாதிரி செய்தார்கள். மிக் ஜோன்ஸின் ஏற்பாடு அது. ஒரு கிட்டார் தாளத்தின் மேல் விழுகிறது, இன்னொன்று தாளத்துக்கு நடுவில் விழுகிறது. ரெகேயில் கிட்டார் நடுவில் மட்டும்தான் விழும். இரண்டையும் சேர்த்ததால் அந்த ஆறு நிமிடமும் யாரோ இரண்டு பேர் மாறிமாறி இடிப்பதுபோல நடக்கிறது. மர்வினின் பாட்டில் மிதப்பு, இதில் இடி. ஸ்ட்ரம்மரும் கள்ளக்குரலில் பாடப் பார்த்திருந்தால் கேட்கவே சகித்திருக்காது.

சரி, நான் எழுத வந்தது ‘ஆர்மகிடியன் டைம்’ பற்றி. 1979 டிசம்பரில் ‘லண்டன் காலிங்’ ஒற்றைத் தட்டின் பின்பக்கம். முதலில் வில்லி வில்லியம்ஸ் பாடியது, காக்ஸன் டாட் ஜமைக்காவில் நடத்திய ஸ்டூடியோ ஒன்னில். ஆனால் வில்லியம்ஸ் பாடிய இசை அவருக்காகச் செய்தது இல்லை! அது ‘ரியல் ராக்’, அதே ஸ்டூடியோவின் சவுண்ட் டைமென்ஷன் குழு 1967இல் வாசித்த பாட்டில்லாத இசை. பத்து வருடம் கழித்து அதன் மேல் இவர் பாடினார். ஜமைக்காவில் அதற்குப் பெயர் ரிதிம். நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் தலைப்புக்குக் கீழே ‘இன்ன பாட்டு மெட்டு’ என்று போட்டிருப்பார்களே, கிட்டத்தட்ட அதுதான், ஆனால் இங்கே மெட்டு மட்டும் இல்லை, வாசித்த டேப்பே மறுபடி வேலைக்கு வருகிறது. ‘ரியல் ராக்’ மேல் யார் யாரோ பாடியிருக்கிறார்கள், எண்ணிக்கை நூற்றுக்கணக்கில். மர்வினின் இசையையும் பெர்ரி விட்டுவைக்கவில்லை, அதே இசையின் மேல் ஜா லயன் பேசினார், கிளென் டகோஸ்டா சாக்ஸஃபோன் வாசித்தார், மர்வினே ‘பேட் வீட்’ என்று வேறு வரிகளைப் பாடினார். எனவே அடுத்தவர் பாட்டின் மேல் ஏறி நிற்பது க்ளாஷ் கண்டுபிடித்த குற்றம் இல்லை, அந்த ஊரின் இசையே அப்படித்தான் வளர்ந்தது.

‘ரியல் ராக்’ கேளுங்கள். பேஸ் வரியில் இருக்கும் ஸ்வரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், நடுவில் சும்மா இருக்கிறது. அந்தச் சும்மா இருப்பதை வாசிக்கத்தான் எனக்கு இரண்டு மாதம் ஆனது. சிமனன் அதை அச்சு மாறாமல் பிடித்திருக்கிறார். இன்று இரவு நிறைய பேருக்குச் சாப்பாடு இல்லை என்று வரி வரும்போது அந்த இடைவெளிதான் அடிவயிற்றில் போய் உட்காருகிறது. மூன்று நிமிடம் ஆனதும் வெளியிலிருந்து நேரமாச்சு என்று ஒரு குரல் கேட்கும், சூடாக இருக்கும்போது தள்ளாதே என்று ஸ்ட்ரம்மர் அதட்டுவார், வாசிப்பு நிற்காமல் போகும். அதை வெட்டாமல் அப்படியே தட்டில் விட்டிருக்கிறார்கள்.

பழைய_ஊசி:
ரிதிம் பற்றிச் சொன்னது நியாயம், தம்பி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘ரியல் ராக்’ வாசித்தவர்களும் அதில் பெரிதாகக் காசு பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் மனதை விட்டுப் போகவில்லை.

செங்காந்தள்:
‘ராங் எம் பாயோ’ யாரும் தொடவில்லையே! 1967இல் தி ரூலர்ஸ் என்ற ஜமைக்கா குழு பாடியது, எழுதியவர் கிளைவ் அல்ஃபான்சோ. இந்தப் பாட்டுக்குள் ஸ்டாகர் லீயும் பில்லியும் சூதாடுகிறார்கள். அந்த இருவரும் நிஜ மனிதர்கள், 1895 கிறிஸ்துமஸ் இரவில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஒரு தொப்பிக்காக நடந்த தகராறில் லீ ஷெல்டன், பில்லி லயன்ஸைச் சுட்டுக் கொன்றான். அந்தக் கொலை பாட்டாகி, அமெரிக்கா முழுக்கச் சுற்றி, 1959இல் லாயிட் பிரைஸ் குரலில் முதலிடம் பிடித்து, வானொலி வழியாகத் தீவுக்குப் போய், அங்கே ஒருவர் அதை எடுத்துக்கொண்டு ‘உழைத்துப் பிழைக்கிறவனை ஏமாற்றாதே’ என்று புத்தி சொல்லுகிற பாட்டாக மாற்றுகிறார். க்ளாஷ் பதிவு மெதுவாகப் பழைய கதையாகத் தொடங்கும், பிறகு சட்டென்று நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து என்று சொல்லிவிட்டு, ஆர்கனும் ஊதுகுழல்களுமாகக் குதித்துக்கொண்டு கிளம்பும். வீட்டில் என் ஆறு வயது மகள் அந்த இடத்துக்காகவே காத்திருந்து ஆடுவாள்.

தகரக்கூரை:
அக்கா, அந்தத் தொப்பிக் கதை தெரியாமலே இத்தனை வருடம் கேட்டிருக்கிறேன்.

ஒரு வாரமாக நீங்கள் எல்லாரும் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ‘போலீஸ் ஆன் மை பேக்’ நானே தேடிப் பிடித்தேன். க்ளாஷ் 1980 டிசம்பரில் விட்ட மூன்று தட்டு ஆல்பம் ‘சான்டினிஸ்டா!’, 36 பாட்டு, அதில் எனக்குப் பிடித்த ஐந்தில் ஒன்று. ஈக்வல்ஸ் பாட்டு, அறுபதுகளின் லண்டன் குழு. எழுதியது எடி கிரான்ட், கயானாவில் பிறந்து பன்னிரண்டு வயதில் லண்டன் வந்தவர். குழுவில் மூன்று கறுப்பர், இரண்டு வெள்ளையர், அந்தக் காலத்து பிரிட்டனில் அப்படி ஒரு குழு அபூர்வம். போலீஸ் துரத்துகிறது, திங்கள் முதல் ஞாயிறு வரை ஓடுகிறேன், நான் என்ன செய்தேன் என்று கேட்கிறான். ஈக்வல்ஸ் பாடும்போது பாட்டு சந்தோஷமாக, கை தட்டுகிற மாதிரி இருக்கிறது, அதனால்தான் அந்தக் கேள்வி குத்துகிறது. க்ளாஷில் கிட்டாரே சைரன் மாதிரி அலறும், பயம் முதல் நொடியிலேயே வந்துவிடும். பேஸ்காரன், இதில் எனக்கு இரண்டும் வேண்டும்.

பழைய_ஊசி:
அதே ஆல்பத்தில் ‘ஜங்கோ பார்ட்னர்’ இருக்கிறதே, அதையும் கேளுங்கள். ஜேம்ஸ் வெய்ன்ஸ் 1951இல் பதிவு செய்தது. ஆனால் அதற்கு முன்பே நியூ ஆர்லியன்ஸ் மதுக்கடைகளில் பியானோக்காரர்கள் பாடிக்கொண்டிருந்த பாட்டு, லூசியானாவின் அங்கோலா சிறைச்சாலை வரிகளில் வரும். ஆறு மாதம் ஒரு தண்டனையா, ஒரு வருடம் ஒரு காலமா, அங்கோலாவில் பையன்கள் ஒன்பதிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை இருக்கிறார்கள் என்று. ஸ்ட்ரம்மர் இதை க்ளாஷுக்கு முன்னால் 101அர்ஸ் குழுவில் இருந்தபோதே பாடினார். 1980இல் கிங்ஸ்டனுக்கே போய் சேனல் ஒன் ஸ்டூடியோவில் ரெகேயாக்கிப் பதிவு செய்தார்கள். எழுதியவர் யார் என்ற இடத்தில் ‘தற்போதைக்குத் தெரியவில்லை’ என்று போட்டார்கள். தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. எத்தனையோ குழுக்கள் இந்த மாதிரி ஊர்ப்பாட்டைத் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டன. இந்த ஒரு விஷயத்துக்காக நான் க்ளாஷை மதிக்கிறேன், முதலில் அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

தேம்ஸ்கரை:
நன்றி ஐயா. அமெரிக்க ஜாஸ்காரர் மோஸ் அலிசனின் ‘லுக் ஹியர்’, ஜமைக்கா பாடகர் டூட்ஸின் ‘பிரஷர் டிராப்’ இரண்டும் மிச்சம் இருக்கின்றன. டூட்ஸ் பற்றி எழுதினால் இந்த இழை போதாது, அதைத் தனியாகத் தொடங்குகிறேன்.

தகரக்கூரை:
தொடங்குங்கள் அண்ணா, காத்திருக்கிறேன். வெய்ன்ஸின் பதிவு இப்போதுதான் கிடைத்தது. தட்டின் கீறல் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது, ஆள் பாதி போதையில் தள்ளாடி நடப்பது மாதிரியே பாடுகிறார். முடிந்ததும் ஸ்ட்ரம்மருடையதைப் போட்டுப் பார்த்துவிட்டு நாளைக்கு எழுதுகிறேன்.